விபத்துக்குப் பிறகான நெடுஞ்சாலை: ஓர் ஓப்பன் ஹவுஸில் கேட்டதும் கற்றதும்

அமெரிக்காவில் மாநிலப் போக்குவரத்துத் துறைகள் நடத்தும் 'ஓப்பன் ஹவுஸ்' கூட்டங்களுக்கு நம்மவர்கள் அதிகம் போவதில்லை. அழைப்பு அட்டை தபாலில் வரும். விளம்பரக் காகிதங்களோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடும். நான் போனதற்குப் பொதுநலன்தான் காரணம் என்று சொன்னால் பொய். எங்கள் குடியிருப்பை ஒட்டிச் செல்லும், மாநிலங்களை இணைக்கும் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையில் பெரிய விபத்து நடந்தால், சற்று நேரத்தில் அதன் வண்டிகள் எங்கள் தெருவுக்குள் இறங்கிவிடும். பதினெட்டுச் சக்கர லாரி ஒன்று பள்ளிக்கூட முக்கில் திரும்ப முடியாமல் குறுக்கே நிற்பதைப் பார்த்தவர்களுக்கு என் எரிச்சல் புரியும். அந்தச் சாலையில் விபத்துகளைக் கையாளும் திட்டத்தைப் பொதுமக்கள் வந்து பார்க்கலாம், கருத்துச் சொல்லலாம் என்று அட்டையில் இருந்தது. சண்டை போடும் உத்தேசத்தோடுதான் கிளம்பினேன்.

சண்டை போட அங்கே மேடையே இல்லை. மைக் கிடையாது, வரிசை நாற்காலிகள் கிடையாது. பள்ளியில் நடக்கும் அறிவியல் கண்காட்சியைப் போலக் கூடத்தைச் சுற்றிலும் பலகைகள். ஒவ்வொன்றின் அருகிலும் பெயரட்டை அணிந்த ஒருவர். வாசலில் பெயர் எழுதிவிட்டு எந்தப் பலகைக்கு வேண்டுமானாலும் போகலாம், எப்போது வேண்டுமானாலும் புறப்படலாம். நடுவே நீண்ட மேஜையில் சாலை வரைபடத்தை விரித்து, பக்கத்தில் ஒட்டுத்தாள்களும் பேனாக்களும் வைத்திருந்தார்கள். இந்த ஏற்பாடு யோசித்துச் செய்யப்பட்டது. மைக் இருந்தால் உரத்த குரல்காரர்கள் சிலர் கூட்ட நேரத்தை முழுவதுமாகத் தின்றுவிடுவார்கள். இப்படி அமைத்தால் கூச்சமுள்ளவரும் பொறியாளரைத் தனியாகப் பிடித்துக் கேட்கலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒருவர் கேட்ட கூர்மையான கேள்வியும் அதற்குக் கிடைத்த மழுப்பலான பதிலும் அடுத்தவர் காதில் விழாது. ஆகவே நான் தயங்காமல் ஒட்டுக்கேட்டேன். பக்கத்தில் நிற்பவரின் கேள்வி பல நேரம் நம்முடையதைவிட நன்றாக இருக்கிறது.

முதல் சுற்றில் வாயைத் திறக்காமல் எல்லாப் பலகைகளையும் படித்துவிடுவது நல்லது. பெயரட்டை அணிந்தவர்களில் பலர் துறை ஊழியர்கள் அல்லர். துறை அமர்த்திய ஆலோசனை நிறுவனத்தின் ஆட்கள். மரியாதையாகப் பேசுவார்கள், ஆனால் எதையும் முடிவு செய்ய மாட்டார்கள். "இந்த விஷயத்தை முடிவு செய்பவர் இங்கே யார்?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே கையைக் காட்டிவிடுவார்கள். எனக்கு அப்படிக் காட்டப்பட்டவர் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தில் வேலை செய்யும் ஒரு பெண் பொறியாளர். அடுத்த ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி அவருடன் கழிந்தது.

அவர் முதலில் அழைத்துப்போன பலகையில் ஒரு கணக்கு இருந்தது. ஒரு திசையில் மூன்று தடங்கள் (லேன்கள்) உள்ள சாலையில் விபத்து ஒரு தடத்தை அடைத்துக்கொண்டால், வண்டிகளைக் கடத்திவிடும் கொள்ளளவு எவ்வளவு மிஞ்சும்? மூன்றில் இரண்டு பங்கு என்று யாரும் சொல்வார்கள். மிஞ்சுவது சுமார் 49 சதவீதம்தான். இரண்டு தடங்கள் அடைபட்டால் 17 சதவீதம். இன்னொன்று: மோதிய வண்டிகளைச் சாலையோரத்துக்கே நகர்த்தி, மூன்று தடங்களும் திறந்திருந்தாலும், 17 சதவீதம் குறைந்துவிடுகிறது. அங்கே எந்தத் தடையும் இல்லை. ஓட்டுபவர்களின் கழுத்து திரும்புவதுதான் தடை. எதிர்த்திசையில் போகிறவர்கள்கூட வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்ப்பதால் அந்தப் பக்கமும் நெரிசல் உண்டாகும். வேடிக்கை பார்ப்பதை மறைக்க விபத்து இடத்தைச் சுற்றித் திரை கட்டிப் பார்த்த ஊர்கள் உண்டாம். திரையைக் கொண்டுவந்து கட்டும் நேரத்தில் சாலையையே திறந்துவிடலாமே என்று கேட்டேன். பெரிய விபத்துக்கு மட்டும்தான் அது கட்டுப்படியாகும் என்றார்.

பெரியது, சிறியது என்பதற்கு அவர்களிடம் வரையறை இருக்கிறது. நாடு முழுவதற்குமான சாலைக் குறியீட்டுக் கையேடு மூன்று வகை சொல்கிறது: அரை மணிக்குள் முடிவது சிறியது, அரை மணி முதல் 2 மணி வரை நடுத்தரம், அதற்கு மேல் போனால் பெரியது. இதில் சேதத்தின் அளவுக்கோ அடிபட்டவர்களின் எண்ணிக்கைக்கோ இடமில்லை. சாலையை எவ்வளவு நேரம் பாதிக்கும் என்பதே அளவுகோல். மனிதன் அடிபட்டுக் கிடக்கும்போது கடிகாரத்தைப் பார்க்கிறார்களே என்று முதலில் உறுத்தியது. அதைச் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் பக்கத்துப் பலகையில் நின்ற நெடுஞ்சாலைக் காவலரிடம் என்னைத் தள்ளிவிட்டார்.

காவலர் காட்டியது ஒரு நேரக் கோடு. விபத்து நடந்த கணம், தகவல் கிடைத்த கணம், உண்மைதான் என்று கேமராவில் உறுதிசெய்த கணம், முதல் வண்டி போய்ச் சேர்ந்த கணம், தடங்கள் திறந்த கணம், கடைசி வண்டியும் இடத்தைவிட்டுப் போன கணம், போக்குவரத்து பழையபடி ஓடத் தொடங்கிய கணம். தடம் ஒரு நிமிடம் அடைபட்டால், திறந்த பிறகும் ஏறத்தாழ நான்கு நிமிட நெரிசல் நீடிக்கும் என்பது இந்தத் துறையில் பரவலாகச் சொல்லப்படும் தோராயக் கணக்கு. நெரிசல் வெறும் தாமதம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வரிசையின் வால் பின்னோக்கி நீண்டுகொண்டே போய், ஒரு வளைவுக்கோ மேட்டுக்கோ அப்பால் மறைந்து நிற்கும். மணிக்கு 60 மைல் வேகத்தில் வருபவர் ஒரு நொடியில் 88 அடி கடக்கிறார். முழுச் சுமை ஏற்றிய 80,000 பவுண்டு லாரி நிற்பதற்குக் காரைவிட எவ்வளவோ அதிக தூரம் வேண்டும். முதல் விபத்தில் பம்பர் நசுங்கியதோடு முடிந்திருக்கும். வரிசையின் வாலில் நடக்கும் இரண்டாவது விபத்தில் உயிர் போகும். "என் ஆட்கள் எல்லோருக்கும் முதலாவதைவிட இரண்டாவதுதான் பயம்" என்றார் அவர். சாலையைச் சீக்கிரம் திறக்க அவர்கள் பறப்பது ஓட்டுநர்களின் பொறுமையின்மைக்காக அல்ல என்பது அப்போது விளங்கியது. இப்படிப்பட்ட இரண்டாம் விபத்துகளை எண்ணுவது, தடம் திறக்க ஆன நேரத்தை அளப்பது, இடம் முழுவதும் காலியாக ஆன நேரத்தை அளப்பது ஆகிய மூன்றையும்தான் கூட்டரசின் நெடுஞ்சாலை நிர்வாகம் மாநிலங்களிடம் எதிர்பார்க்கிறது.

தீயணைப்புத் துறையின் பலகையருகே கூட்டம் அதிகம். வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஒரே புகார்: ஒரு தடத்தில் விபத்து நடந்தால் இவர்கள் ஏன் தங்கள் பெரிய வண்டியைக் குறுக்காக நிறுத்தி இன்னொரு தடத்தையும் அடைக்கிறார்கள்? அங்கிருந்த கேப்டன் பொம்மை வண்டிகளை வைத்து விளக்கினார். அடிபட்டவரை வெளியே எடுப்பவர் காரின் கதவருகே, ஓடும் தடத்தை ஒட்டி, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவர் நிற்கவும் ஸ்ட்ரெச்சர் போகவும் பக்கத்துத் தடத்தில் இடம் வேண்டும். அதனால்தான் விபத்து அடைத்த தடத்தோடு இன்னும் ஒன்றையும் சேர்த்து மறிக்கிறார்கள். வண்டியைச் சாய்வாக நிறுத்துவது, பின்னால் வந்து மோதுகிற வண்டி ஆட்கள் மேல் பாயாமல் தீயணைப்பு வண்டியின் எடையே தடுக்கட்டும் என்பதற்காக. முன் சக்கரங்களையும் வேலை நடக்கும் இடத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைப்பார்களாம். மோதலில் வண்டி நகர்ந்தாலும் ஆட்களை விட்டு விலகிப் போகும்.

அப்படியானால் விளக்குகள் எதற்கு, அத்தனை சிவப்பும் நீலமும் மின்னும்போது யாருக்குத் தெரியாமல் போகும் என்று ஒரு முதியவர் கேட்டார். விளக்கு அதிகமானால் இரவில் கண் கூசி, நடுவில் நிற்கும் மனிதன் தெரியாமல் போகிறான் என்றார் கேப்டன். கூம்புகளும் எச்சரிக்கைப் பலகைகளும் வைத்து முடித்த பிறகு சில விளக்குகளைக் குறைப்பதே நல்லது என்று கையேடும் சொல்கிறது. மின்சார கார்களைப் பற்றி ஓர் இளைஞர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பேட்டரி ஒருமுறை அணைந்த பிறகும் மறுபடி பற்றக்கூடும் என்பதால், இழுத்துக்கொண்டுபோன கார்களை மற்ற வண்டிகளிலிருந்தும் கட்டடங்களிலிருந்தும் 50 அடி தள்ளி நிறுத்தச் சொல்கிறார்கள் என்பது மட்டும் என் நினைவில் நின்றது.

கூடத்தின் மூலையில், யாரும் அதிகம் போகாத மேஜை ஒன்றில் இழுவை வண்டி நடத்தும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அன்று நான் கேட்ட பேச்சில் மிகச் சிறந்தது அவருடையது. கவிழ்ந்த லாரியைத் தூக்க எந்த அளவு கனரக வண்டி வேண்டும் என்பது அழைப்பவருக்குத் தெரியாததால், முதலில் சின்ன வண்டி வரும்; வந்து பார்த்துவிட்டுப் பெரியதை அழைக்கும்; அதற்குள் ஒரு மணி நேரம் போயிருக்கும். "சரியான வண்டியை முதல் அழைப்பிலேயே அனுப்புங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். ஃபுளோரிடாவில் இதற்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது: பெரிய விபத்தில் இழுவை நிறுவனம் வேலை தொடங்கி 90 நிமிடத்துக்குள் தடங்களைத் திறந்தால் ஊக்கத்தொகை, மிகவும் தாமதித்தால் அபராதம். ஊக்கத்தொகை நல்லதுதான், ஆனால் சாலையில் உதவிக்கு நிற்பவர்களில் காவலரையும் தீயணைப்பு வீரரையும் மக்கள் பார்க்கிறார்கள், இழுவை வண்டிக்காரனைப் பார்ப்பதில்லை என்றார். உதவி வண்டி நின்றால் ஒரு தடம் விலகிப் போக வேண்டும், முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற சட்டம் 1996-இல் தென் கரோலினாவில் தொடங்கி, 2012-க்குள் எல்லா 50 மாநிலங்களுக்கும் வந்துவிட்டது. பல மாநிலங்களில் அது முதலில் போலீஸ், ஆம்புலன்ஸ் போன்றவற்றுக்கு மட்டுமே இருந்தது; இழுவை வண்டிகள் பின்னால்தான் சேர்க்கப்பட்டன. அந்த வருத்தம் அவருக்கு இன்னும் போகவில்லை.

சில விபத்துகளுக்கு ஏன் அரை நாள் ஆகிறது என்ற கேள்விக்கும் அவர் மேஜையருகிலேயே பதில் கிடைத்தது. காவலர் அங்கே வந்து சேர்ந்துகொண்டார். உயிரிழப்பு நேர்ந்தால் அது குற்ற வழக்காக மாறக்கூடும். தடயம், டயர் சறுக்கிய அடையாளம், வண்டிகள் நின்ற நிலை எல்லாவற்றையும் அளக்க வேண்டும். முன்பு அளவுக் கருவியை வைத்துப் புள்ளி புள்ளியாக அளந்தார்கள். இப்போது ட்ரோனைப் பறக்கவிட்டுப் படங்கள் எடுத்து, அவற்றிலிருந்து வரைபடம் தயாரிக்கிறார்கள். சாலையில் நிற்கும் நேரம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. மரண விசாரணை அதிகாரி வரும்வரை உடலை நகர்த்தக் கூடாது என்ற விதியும் பல இடங்களில் உண்டு. டேங்க் உடைந்து டீசல் சிந்தியதற்கே நச்சுப்பொருள் குழுவை வரவழைத்துக் காத்திருப்பது பழைய பழக்கம். வண்டியின் சொந்த எரிபொருள், எண்ணெய் என்றால் உறிஞ்சும் பொருளைத் தூவி ஒதுக்கிவிட்டுத் தடத்தைத் திறக்கலாம் என்று இப்போது பயிற்சியில் சொல்லித்தருகிறார்களாம். காவலர், தீயணைப்பாளர், ஆம்புலன்ஸ்காரர், இழுவை வண்டிக்காரர், துறை ஊழியர் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து நடத்தும் தேசியப் பயிற்சி அது. ஒரே சாலையில் ஆண்டுக்கணக்காக வேலை செய்தும் அங்கேதான் முதன்முறையாகக் கைகுலுக்கினோம் என்று பெரியவரும் காவலரும் சொல்லிச் சிரித்தார்கள்.

இனி என் தெரு விவகாரம். வரைபட மேஜையில் அதிகாரபூர்வ மாற்றுப்பாதைகளை ஊதா நிறத்தில் வரைந்திருந்தார்கள். எங்கள் தெரு அதில் இல்லவே இல்லை! பாலத்தின் எடை வரம்பு, மேம்பாலத்தின் உயரம், லாரி திரும்பத் தேவையான அகலம் எல்லாம் பார்த்து, சற்றுத் தொலைவில் உள்ள அகலமான சாலையைத் தேர்ந்திருந்தார்கள். லாரிகளை எங்களிடம் அனுப்புவது கைப்பேசிச் செயலி. அதற்குத் தெரிவது நிமிடக் கணக்கு. பள்ளிக்கூடமோ திருப்பத்தின் அகலமோ அதன் கணக்கில் இல்லை. துறையால் செயலிக்குக் கட்டளையிட முடியாது. எந்தத் தடம் மூடியிருக்கிறது, எது திறந்தது என்ற தகவலை உடனுக்குடன் கொடுக்க முடியும், கொடுக்கிறார்கள். மேலும் எங்கள் தெரு மாநிலத்துக்குச் சொந்தமானதே அல்ல, நகராட்சியுடையது. சிக்னல்கள் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகம்) கையில். நான் கொண்டுபோன ஒரே புகாருக்கு மூன்று அலுவலகங்கள் பொறுப்பு. கூட்டத்துக்குப் போகும் முன் நம் சாலை யாருடையது என்று பார்த்துவைத்துக்கொண்டால் பாதி நேரம் மிச்சமாகும்.

அங்கே என்னுடன் நின்ற ஒரு பெண்மணி பள்ளிப் பேருந்து ஓட்டுநர். அவர் புகாரே சொல்லவில்லை. வரைபடத்தில் ஒரு இடத்தைத் தொட்டு, "பிற்பகலில் இந்த மூலையில் என் பேருந்து நின்று குழந்தைகளை இறக்கும். இந்த நேரத்தில் ஊதாப் பாதை இப்படித் திரும்பினால் வரிசை நெடுஞ்சாலையிலிருந்து வண்டிகள் இறங்கும் இறக்கம்வரை போய்விடும். உங்களுக்கு இது தெரியுமா?" என்று கேட்டார். பொறியாளர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். நான் அரை மணி நேரம் பேசியபோது அவர் பேனாவைத் தொடவில்லை என்பதைக் கவனித்தேன். இடம், நேரம், என்ன ஆகும் என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அது அவர்களுக்குப் பயன்படும் தகவல். 'எங்கள் தெருவில் போக்குவரத்து அதிகம்' என்பதை அவர்கள் தினமும் கேட்கிறார்கள்.

இன்னொன்றும் முக்கியம். அங்கே ஊழியரிடம் வாயால் சொல்வது பொதுவாகப் பதிவாகாது. கருத்து அட்டையில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும், அல்லது குறிப்பிட்ட கெடுவுக்குள் எழுத்தில் அனுப்ப வேண்டும். அப்போதுதான் அது ஆவணத்தில் ஏறும், பதிலும் வரும். ஒரு கருத்துக்கு ஓர் அட்டை என்று பிரித்து எழுதுங்கள். ஐந்து விஷயங்களை ஒரே அட்டையில் கொட்டினால் எளிதான ஒன்றுக்குப் பதில் எழுதி மற்றதை விட்டுவிட வாய்ப்புண்டு. நான் சிக்னல் நேரத்துக்கு ஒன்று, வண்டிகள் எங்கள் பக்கம் வராமல் நெடுஞ்சாலை இறக்கத்தில் கதவு வைப்பதற்கு ஒன்று, பெரிய லாரிகளுக்குத் தடைப்பலகைக்கு ஒன்று என எழுதினேன்.

ஓட்டுபவர்களுக்கென்று அங்கே கேட்டவற்றில் எனக்குப் புதிதாக இருந்தவற்றை மட்டும் சொல்கிறேன். சிறிய மோதல், யாருக்கும் அடியில்லை, வண்டி ஓடும் நிலையில் இருக்கிறது என்றால் தடத்திலேயே நின்று படம் பிடித்துக்கொண்டிருக்காமல் ஓரத்துக்கு நகர்த்த வேண்டும். பல மாநிலங்களில் இது சட்டமே. நகர்த்தினால் நம் மேல் தவறு என்று ஆகிவிடும் என்ற பயம் ஆதாரமற்றது என்றார் காவலர். ஓரத்தில் நிறுத்திய பிறகு போக்குவரத்துக்கு எதிர்ப்பக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக் கம்பி இருந்தால் அதற்கு அப்பால், காருக்குப் பின்புறமாகத் தள்ளி நிற்க வேண்டும். காருக்கு முன்னால் நின்றால், யாராவது வந்து மோதும்போது நம் காரே நம்மேல் பாயும். கார் ஓடும் தடத்தின் நடுவே நின்றுவிட்டு, பாதுகாப்பாக இறங்க வழியில்லை என்றால் சீட் பெல்ட்டைக் கழற்றாமல் உள்ளேயே இருந்து, அபாய விளக்கைப் போட்டு 911-ஐ அழைக்க வேண்டும்.

அழைக்கும்போது 'எக்ஸிட்டுக்குப் பக்கத்தில்' என்றால் போதாது. எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தோம் என்பதைச் சொல்லத் தவறினால் உதவி வண்டி தடுப்புச் சுவரின் மறுபக்கம் போய் நிற்கும். அடுத்த திருப்பம் வந்து திரும்பி வரப் பல மைல்கள் ஆகலாம். இன்டர்ஸ்டேட் சாலைகளில் பொதுவாக ஒற்றைப்படை எண் கொண்டவை தெற்கு வடக்காகவும் இரட்டைப்படை எண் கொண்டவை கிழக்கு மேற்காகவும் போகின்றன; சாலையோரப் பலகைகளில் உள்ள மைல் எண்கள் தெற்கிலிருந்து வடக்காகவும் மேற்கிலிருந்து கிழக்காகவும் ஏறும். ஆகவே கடைசியாகப் பார்த்த மைல் எண்ணும் அது ஏறிக்கொண்டிருந்ததா இறங்கிக்கொண்டிருந்ததா என்பதும் நினைவிருந்தால் திசை தானே தெரிந்துவிடும். ஆரஞ்சுப் பலகை சாலை வேலைக்கு. இளஞ்சிவப்புப் பலகை கண்ணில் பட்டால் முன்னால் விபத்து மாதிரி எதிர்பாராத ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். அதைப் பார்த்த இடத்திலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வரிசையின் வால் எங்கே மறைந்திருக்கிறது என்று தெரியாது.

சில மாதங்கள் கழித்துக் கருத்துகளுக்கான பதில் தொகுப்பு வெளியானது. இறக்கத்தில் கதவு வைக்க முடியாது, நெடுஞ்சாலையில் வண்டிகள் சிறைப்பட்டு நிற்கும் என்று எனக்கு இரண்டு வரி. லாரித் தடைப்பலகைக்கு நகராட்சியை அணுகவும் என்று ஒரு வரி. மாற்றுப்பாதை பயன்பாட்டில் இருக்கும்போது சிக்னல் நேரங்களை மையத்திலிருந்தே மாற்றிக்கொள்ளக் கவுண்டியோடு ஒப்பந்தம் செய்யப்படும் என்ற மூன்றாவது பதில் எனக்கும் இன்னும் பலருக்கும் பொதுவானது. பேருந்து ஓட்டுநர் சொன்ன மூலையில் பிற்பகல் நேரத்துக்கு மட்டும் மாற்றுப்பாதையை ஒரு சந்திப்பு தள்ளி வரைந்திருந்தார்கள். லாரிப் பலகைக்கான மனுவை நகராட்சியில் கொடுத்திருக்கிறேன். அவர்கள் நடத்தும் கூட்டத்தில் மைக் உண்டு, ஒருவருக்கு மூன்று நிமிடம். இடம், நேரம், என்ன ஆகும் என்று ஒரே தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.